பிலோமினாக்காவின் கிளிஞ்சல்

பக்கத்து மனையில் சுண்ணாம்பு நீற்றுகிறார்கள். அந்தச் சூட்டு வாசனை மூக்கில் ஏறியதும், ஏரித் தண்ணீர் கொண்டுபோய்விட்ட எங்கள் குப்பமும் மாதா கோயிலும் எதிரே வந்து நிற்கின்றன. எழுபதுகளில், வருடாவருடம் கோயில் கட்டிய நாளைக் கொண்டாட, வீட்டுக்கு ஒரு பெண் பழவேற்காடு ஏரிச் சேற்றில் கிளிஞ்சல் பொறுக்கிக் கூடையில் கொண்டுவர, அதைச் சூளையில் சுட்டு நீற்றி, கண் கூசும்வரை சுவருக்கு வெள்ளையடிப்பார்கள்.

ஒரு வருடம் பிலோமினாக்கா குடும்பம் ஊர்விலக்கில் இருந்தது; அவள் புருஷன், அடுத்தவனுக்கு முறை விட்டிருந்த நாளில் ஏரியில் வலை போட்டுவிட்டான். ஆனாலும் விரலெல்லாம் கிழிய அவள்தான் பெரிய கூடை கொண்டுவந்தாள். ஊர்த் தலைவரான என் நைனா வாங்கிக்கொண்டார்.

"அப்ப பூசைக்கு வரலாமாண்ணா?"

"கிளிஞ்சலு இன்னா பாவம் பண்ணிச்சி? அது செவுத்துல ஏறும். நீ வெளியவே நில்லு."

அவளுடையதைத் தனியாக, கடைசியில் சுட்டார்கள்.

பூசை முழுக்க வெளிச்சுவரில் நெற்றியைச் சாய்த்து, உள்ளே பாடிய பாட்டையெல்லாம் அவளும் கூடவே பாடினாள். அவள் போனபின் பார்த்தால், சுவரில் தலை எண்ணெய்க் கறை.

"பூசுங்கடா அத்த," என்றார் நைனா.

மிச்சமிருந்தது அவள் சுண்ணாம்புதான். அதைக் கரைத்துத்தான் அவளை அழித்தார்கள்.