கண் போன வழி

குரங்குக் கூடத்தின் கதவைத் தள்ளும் முன்பே அவள் உதடுகளைச் சேர்த்து மூடிக்கொள்வாள். பல் தெரியச் சிரித்தால் குரங்குகளுக்கு அது மிரட்டல். நேருக்கு நேர் பார்ப்பதும் அப்படித்தான். அதனால் கம்பிவலை ஓரமாகத் தோளைச் சாய்த்து உட்கார்ந்து, கடைக்கண்ணால்தான் கவனிப்பாள். பதினேழு வருடப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. அக்காவின் கல்யாணப் படங்களில் அவள் மட்டும் பல்வலிக்காரியைப் போல நிற்கிறாள்.

"சீட்டாட உங்களக் கூட்டிட்டுப் போனா நான் மாடி வீடே கட்டிடுவேன் மேடம்," என்பார் குரங்குகளுக்குத் தீனி போடுபவர். "கையில என்ன இருக்குன்னு உங்க மூஞ்சியப் பாத்து ஒருத்தனும் சொல்ல முடியாது."

பிற்பகலில் பக்கத்துக் கட்டடத்தில் குழந்தைகள். இரண்டு கிண்ணங்களைக் கவிழ்த்து, ஒன்றின் அடியில் பொம்மையை ஒளித்து வைத்து, அந்தக் கிண்ணத்தை ஒருமுறை பார்ப்பாள். குழந்தை அவள் கண் போன வழியே போகிறதா என்பதுதான் ஆராய்ச்சி. மடியில் வைத்திருக்கும் அம்மாக்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் அவர்கள் முகமே விடையைச் சொல்லிவிடும். யாரும் பேசக் கூடாது. அவளும் வாய் திறப்பதில்லை.

அக்காவின் ஒன்றரை வயது மகள், அந்த அறைக்கு வந்த குழந்தைகளிலேயே சூட்டிகை. ஒரு கண்ணசைவு போதும், கை சரியான கிண்ணத்துக்குப் போய்விடும். எதிரே இருப்பவர் தலையைச் சொறிந்தால் தானும் சொறியும். அங்கே குழந்தைக்குப் பட்டப்பெயர் ஜெராக்ஸ். "இன்னும் அம்மான்னு சொல்லலியேடி," என்று அக்கா இழுத்தபோது, "பேச்சு தானா வரும்க்கா. இவ்வளவு கவனிக்கிற புள்ளைக்கு என்ன குறை?" என்று அடித்துச் சொன்னவள் இவள்தான். அக்கா டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட்டாள். நான்கு மாதம் ஓடிவிட்டது.

இன்று காலை, தீனி வாளி வராந்தாவில் எங்கோ 'ணங்' என்றது. ஆள் இன்னும் கண்ணில் படவில்லை. தாய்க்கு முதுகைக் காட்டிச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்த ஒரு குட்டி சட்டென்று தலையைத் திருப்பியது. தாய் அதற்குப் பிறகுதான் திரும்பியது.

அவள் குறிப்பேட்டை மூடினாள். அக்கா மகள் யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு சத்தத்துக்குத் திரும்பி அவள் கண்டதே இல்லை. வைத்த சோதனையெல்லாம் கண்ணுக்கு; காதுக்கு ஒன்றுகூட இல்லை. பேச்சு கற்கும் வயதில் வீணாகும் மாதங்கள் திரும்பி வராது என்று மற்ற தாய்மார்களுக்குச் சொல்பவள் அவள்.

நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். குழந்தை அக்காவின் எதிரே உட்கார்ந்து மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தது. சமையலறையிலிருந்து வாணலியும் கரண்டியும் எடுத்து வந்து, நிழல் விழாத பக்கமாகக் குழந்தையின் பின்னால் நின்று ஓங்கித் தட்டினாள். அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழந்தையும் திடுக்கிட்டுத் திரும்பியது.

"பைத்தியமாடி உனக்கு? புள்ள பயந்துட்டா பாரு."

"உன்னப் பாத்துத்தான்க்கா பயந்தா."

அக்கா முதலில், குழந்தை பிறகு. நடுவில் ஓர் இமைப்பொழுதுதான். அதை அளந்தே பிழைப்பவளுக்கு அது போதும்.

"கண்ண மூடிக்க. அங்க வந்தா மூடுவியே, அதே மாதிரி."

"விளையாடாத. ஒண்ணும் இல்லேன்னு நீதான சொன்ன?"

"நான்தான் சொன்னேன். மூடுக்கா."

அக்கா மூடினாள். வாணலி அதிர்ந்தது. குழந்தை ஒரு கட்டையின் மேல் இன்னொன்றை வைத்து, சாய்கிறதா என்று பார்த்தது.

"திரும்பினாளா?"

கேட்டபடியே அக்கா கண்ணைத் திறந்தாள். எழுந்து வந்து வாணலியையும் கரண்டியையும் பிடுங்கிக்கொண்டாள். "தள்ளு. உனக்குத் தட்டத் தெரியல. நான் தட்டறேன்."

தங்கை குழந்தையின் எதிரே போய் உட்கார்ந்தாள். அக்கா குழந்தையின் பின்னால் நின்று தட்டினாள்; தட்டியபடியே செல்லப் பெயர்களையெல்லாம் சொல்லிக் கூப்பிட்டாள். குழந்தை நிமிர்ந்து சித்தியின் முகத்தைப் பார்த்தது. அதில் ஒன்றும் இல்லை. மறுபடி கட்டைகளுக்குக் குனிந்தது.

தட்டுவது நின்று, அக்காவின் அழுகை கேட்டது. தான் நிமிர்ந்து பார்த்தால் குழந்தையும் அந்தப் பக்கம் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்துவிடும். கண்ணைக் கட்டைகளின் மேலேயே வைத்துக்கொண்டு, அவள் ஒரு கையை மட்டும் அக்கா நின்ற பக்கம் நீட்டினாள்.