இடது மூலைக் கட்டம்

எங்கள் ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டர் திரையின் இடது மேல் மூலையில் ஒரு சின்ன வெள்ளைக் கட்டம் உண்டு. பெரும்பாலானவர்கள் அதைத் தொடுவதே இல்லை. மௌஸைப் பிடித்து மெனுவுக்குள் மெனுவாக இறங்கி, வேண்டிய பக்கத்துக்கு வந்து சேர்வதற்குள் டீ ஆறிவிடும். நான் அந்தக் கட்டத்தில் /n என்று போட்டு, கூடவே பக்கத்தின் குறியீட்டையும் அடித்து என்டரைத் தட்டுவேன். பக்கம் வந்து நிற்கும். திண்டிவனத்துக்கு வெளியே இருக்கும் இந்தப் பம்ப் கம்பெனியில் எனக்கு 'ஸ்லாஷ் பொண்ணு' என்றே பெயர்.

அந்தப் பெயரில் எனக்குப் பெருமை. திருவெண்ணெய்நல்லூர் பக்கம் கரும்பு வெட்டப் போகிற வீடு எங்களுடையது. பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். அப்பா இன்னும் கையெழுத்துக்குக் கட்டைவிரலைத்தான் நீட்டுகிறார். அவர் மகள் பத்து விரலாலும் அடிக்கிறாள் என்று சொல்லிக்கொள்ள நான் கூச்சப்பட்டதில்லை.

பக்கத்து மேஜை அக்கா பதினெட்டு வருடம் ஸ்டோர்ஸ் லெட்ஜரைக் கையால் எழுதியவர். எந்த போல்ட் எந்த ரேக்கில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். புதிதாக வந்த மேனேஜர் லெட்ஜரை நிறுத்தினார். இனி வருகிற சரக்கெல்லாம் சிஸ்டத்தில் ஏற வேண்டும், முடியாதவர்கள் பேக்கிங்குக்குப் போகலாம் என்றார். பேக்கிங்கில் நாற்காலி கிடையாது, எட்டு மணி நேரமும் நின்றுதான் வேலை. அக்காவின் வலது முட்டி வீங்கியே இருக்கும். கழிவறை வரைக்கும் போய்வருவதற்குள் இரண்டு இடத்தில் ரேக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"எனக்கு இந்த எலியப் புடிக்கவே வரல, பாப்பா" என்றார் மௌஸைப் பார்த்து.

"எலியே வேணாங்க்கா. ஸ்லாஷ் என் போடுங்க, குறியீட்ட அடிங்க, போய்க்கினே இருங்க."

அக்கா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அதை முத்துமுத்தாக எழுதி, திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். இரண்டே நாளில் கை வந்துவிட்டது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு லாரி. நாற்பது வகைச் சாமான். அக்கா ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்தார். முப்பத்தெட்டாவது வரியில் போன் வந்தது. பம்ப் பூட்டுகிற அசெம்பிளியில் யாரோ ஒரு பேரிங் இருப்பு கேட்டார்கள். அக்கா நான் சொன்னபடியே ஸ்லாஷ் என் போட்டு இருப்புப் பக்கத்துக்குப் போய், பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பினார். முப்பத்தெட்டு வரியும் இல்லை. சேவ் பண்ணட்டுமா வேண்டாமா என்று சிஸ்டம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்லாஷ் என் அப்படித்தான்.

"லெட்ஜர்ல எழுதுனா எழுதுனதுதான பாப்பா? பக்கத்தத் திருப்புனா அழிஞ்சிடுமா?" என்றார் மெதுவாக.

நான் லெட்ஜர் எழுதியவள் இல்லை. ஒரு மனுஷிக்கு இப்படித் தோன்றும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. வேறு பக்கத்துக்குப் போகுமுன் என் கை தானாகவே சேவ் பண்ணிவிடும். அதனால் அதைச் சொல்லித்தர வேண்டும் என்றே தோன்றவில்லை.

ஜன்னலில் டிரைவர் தலையை நீட்டினார். "யம்மா, ஜல்தியா ரசீதக் குடுங்க. இன்னா, புக்கு பொஸ்தகம் அச்சடிச்சிக்கினு கீறீங்களா?"

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். "இதுக்குத்தாம்மா சொன்னேன். திங்கக்கிழமைலேருந்து பேக்கிங்."

"மறந்துட்டேன் சார். என் தப்புதான்" என்றார் அக்கா. என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. என் பெயரில் இதுவரை ஒரு தப்பும் கிடையாது. நான் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் விழுப்புரம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அன்றைக்கு அந்த இடமே குத்தியது.

மறுநாள் காலை பையைக்கூட வைக்காமல் மேனேஜர் அறைக்குப் போனேன். "நான்தான் சார் அரைகுறையா சொல்லிக் குடுத்தேன். அக்கா நான் சொன்னத அப்படியே செஞ்சாங்க."

"அப்ப உன்னயும் பேக்கிங்குக்கு அனுப்பட்டா?"

"அனுப்புங்க சார். ஆனா அக்காவுக்கு இன்னொரு தரம் குடுங்க."

அவர் மேஜை மேல் இருந்த லாரிப் பட்டியலைப் புரட்டினார். "சனிக்கிழமை அதே லாரி வருது. அந்தம்மா தனியா சிஸ்டத்துல ஏத்தட்டும். நீ கிட்டக்க இருக்கக் கூடாது."

சனிக்கிழமை வரை இருந்த மூன்று நாளும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவுக்கு ஸ்லாஷ் ஓ சொல்லித்தந்தேன். /n-க்குப் பதில் /o போட்டால் இருக்கிற பக்கம் அப்படியே இருக்க, திரையிலேயே இன்னொரு ஜன்னல் தனியாகத் திறக்கும். அக்கா மல்லாட்டையை உரித்து, வேர்க்கடலைப் பருப்பை என் டப்பாவில் போட்டுக்கொண்டே கேட்டார். மேனேஜரிடம் நான் போனது அவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை நான் ரேக்குக்குப் பின்னால் வாஷர் எண்ணுகிற மாதிரி நின்றேன். எண்ணிக்கை நாலைந்து தரம் தப்பியது. அக்கா முப்பது வரி தாண்டியிருப்பார். பின்னால் நின்ற மேனேஜர் வேண்டுமென்றேதான் கேட்டார். "அந்த பேரிங் இப்ப எவ்ளோ இருக்கு?"

அக்காவின் கை நின்றது. காலண்டர் தாளைப் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் தட்டினார். புது ஜன்னல் திறந்தது.

"நூத்திப்பன்னெண்டு, சார்." ஜன்னலை மூடினார். அடித்த வரிகள் அத்தனையும் அங்கேயே இருந்தன.

மேனேஜர் திரைக்குக் குனிந்தார். "இது எங்கேர்ந்து வந்துச்சு? நான் எப்பவும் மெனுவுல போய்தான்..."

"அந்தப் பொண்ணு சொல்லிக் குடுத்துது சார்" என்றார் அக்கா, ரேக் பக்கம் கையைக் காட்டி. "அங்க நின்னுக்கினு வாஷர எண்ணுதே, அதான்."

நாற்பது வரியும் ஏறியது. சேவ் பண்ணுமுன் அக்கா கட்டைவிரலை மடக்கி, பிள்ளையார் குட்டு மாதிரி நெற்றியில் ஒரு தட்டு தட்டிக்கொண்டார். டிரைவர் ரசீதை வாங்கிக்கொண்டு, "இன்னிக்கி இன்னா, ரயில் வேகம்!" என்று போனார்.

திங்கட்கிழமை நான் வந்தபோது அக்கா அதே நாற்காலியில் இருந்தார். வலது காலைக் கவிழ்த்த அட்டைப்பெட்டி மேல் நீட்டியிருந்தார். காலண்டர் தாளில் புதிதாக இரண்டு வரி சேர்ந்திருந்தது. ஸ்லாஷ் என்னுக்கு நேராக, 'சாத்திட்டுப் போறது'. ஸ்லாஷ் ஓவுக்கு நேராக, 'தொறந்து வெச்சிட்டுப் போறது'.

கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் கூப்பிட்டார். நான் எழுந்தேன்.

"நீ இல்லம்மா" என்றார். "அவங்கள அந்தத் தாள ஒரு நிமிஷம் குடுக்கச் சொல்லு."