மலைக்கென்று எடுத்துவைத்த கியர்

துறைமுகப் பக்கத்து ஐஸ் கொம்பனியில் குலசிங்கம் எங்கே என்று கேட்டால் வாசலில் நிற்பவர் கொஞ்சம் யோசிப்பார். ‘ஐஸ்’ எங்கே என்று கேட்டால் உடனே கூப்பிட்டு விடுவார். அந்தப் பேரை வைத்தது மெல்ரோய். வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிற மெல்ரோய்க்குக் குரலும் எஞ்சின் மாதிரித்தான். கயிற்றை இழுத்தால் முதல் இரண்டு தரம் பிடிக்காது. “டே... டே... டேய் ஐஸ்” என்று மூன்றாவது இழுவையில்தான் பிடிக்கும். பிடித்தால் நிறுத்த முடியாது.

இரண்டு பேரும் ஐம்பதை நெருங்கியவர்கள். இரண்டு பேரிடமும் ஜப்பானிலிருந்து கொள்கலனில் வந்த பழைய ரேஸ் சைக்கிள். விடியற்காலையில் நிலாவெளி வரை போய்த் திரும்புவார்கள். குலசிங்கத்துக்கு வயிறு முன்னால் போகும், அவர் பின்னால் போவார். வழியில், சல்லிக் கிராமத்தில் கருவாடு காயப்போடுகிற பெண்கள் அவருடைய இறுக்கமான காற்சட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள்:

“அண்ணை, தைக்கேக்க துணி காணாமல் போட்டுதோ?”

குலசிங்கம் மணியை அடித்துவிட்டுப் போய்விடுவார்.

போன வருஷம் இருவரும் கண்டிக்குப் போனார்கள். தட்டைத் தரையில் வேகமாக ஓடுவதற்கென்று செய்த சைக்கிள்கள் அவை. பின்சில்லில் இருந்த பற்சக்கரங்கள் எல்லாம் சின்னவை. மாத்தளை தாண்டிப் பலகடுவ ஏற்றம் வந்ததும் குலசிங்கத்தின் மிதி கல்லாய் இறுகியது. இறங்கித் தள்ளினார். உச்சிவரை ஏறிவிட்ட மெல்ரோய் அவரைப் பார்க்கவென்றே திரும்பி இறங்கி வந்தார்.

“டே... டே... டேய் ஐஸ், சைக்கிள் உன்னைக் கூட்டிக்கொண்டு போகுதோ, நீ அதைக் கூட்டிக்கொண்டு போறியோ?”

இந்தக் கதை அவர்களுக்கு முன்னமே ஊர் வந்து சேர்ந்துவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து வருகிறவர்களை மறித்து வைத்து, குலசிங்கம் மூச்சு வாங்கியதை மெல்ரோய் செய்து காட்டுவார். குலசிங்கமும் சேர்ந்து சிரிப்பார். ஒருநாள் பின்னேரம் மட்டும் தனியாகப் போய்ச் சொன்னார்.

“மச்சான், ஒருக்காவாவது கால் ஊண்டாமல் அந்த மலையில ஏறோணும். அதுக்குப் பிறகு நான் சைக்கிளைத் தொடாட்டியும் பரவாயில்லை.”

மெல்ரோய் பகிடி விடவில்லை. மலையேறுகிற சைக்கிள் ஒன்றிலிருந்து பெரிய பற்சக்கரத் தொகுதியைத் தேடிப் பிடித்தார். அதில் கடைசிச் சக்கரம் சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு இருந்தது. செயினைச் சக்கரத்துக்குச் சக்கரம் தள்ளிவிடுகிற நீளமான கை ஒன்றையும் பூட்டினார். பிறகு பழைய செயினை நிலத்தில் நீட்டி, புதியதைப் பக்கத்தில் வைத்து, அதே அளவுக்கு வெட்டினார். எங்கள் கரையில் எல்லாரும் அப்படித்தான் வெட்டுவது. மீன்பெட்டி கட்டுகிற சைக்கிளுக்குப் பின்னால் ஒரே சக்கரம், பழைய செயின்தான் அளவு.

“பெ... பெ... பெரிசை இஞ்ச போடாதை. சும்மா தேயும். மலைக்கு வை.”

அடுத்த கிழமை இறங்குதுறையில் எஞ்சின் ஒன்றைத் தூக்கிய மெல்ரோய் அப்படியே கீழே இருந்துவிட்டார். பிறகு எழும்பவில்லை.

குலசிங்கத்தின் சைக்கிள் கனகாலம் சாக்கால் மூடிக் கிடந்தது. கடைசியில் அதை வெளியே எடுக்க வைத்தது மெல்ரோயின் மனைவி சீலா.

“அவர் கடைசியாச் செய்து முடிச்ச வேலை அது, அண்ணை. மலையில ஏறுதோ எண்டு பாத்து எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோ.”

“ஏறாமல் விடுமோ, சீலா.”

மறுபடியும் ஓடிப் பழகினார். பெரிய சக்கரத்தை ஒருதரமும் போட்டுப் பார்க்கவில்லை. கை கியருக்குப் போனாலும் இழுத்துக்கொள்வார். பெருநாளுக்கென்று வாங்கிய சட்டையை அதற்கு முன்னம் யாரும் உடுத்திப் பார்ப்பதில்லையே.

பலகடுவயில் ஏற்றம் நெஞ்சை முட்டிய இடத்தில்தான் பெரிசைப் போட்டார். செயின் ஏறியது. ஏறி, கம்பிபோல் விறைத்தது. மிதி அசையவில்லை. நீளக்கை முறுகி உடைந்து பின்சில்லின் கம்பிகளுக்குள் போக, குலசிங்கம் சைக்கிளோடு சரிந்து விழுந்தார்.

சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அடிவாரத்தில் ஸஜ்ஜாத் என்பவரின் சைக்கிள் கடைக்கு வந்தார். ஸஜ்ஜாத் செயினை ஒரு விரலில் தூக்கிப் பார்த்தார்.

“கட்டைச் செயின், நானா. பெரிய சக்கரத்தைச் சுத்தி வர இது எப்பிடிக் காணும்? யாரு வெட்டினது?”

“கூட்டாளி.”

“பழசை அளவு வச்சு வெட்டியிருக்காரு. வீட்டுலயே ஒரு தடவ போட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும், ரெண்டு துண்டு சேத்திருந்தாச் சரி. ஊருக்குப் போயி அவர நல்லாக் கேளுங்க.”

“கேக்கிறன்” என்றார் குலசிங்கம்.

உடைந்த கைக்கு மாற்று அங்கே இல்லை. செயினை இன்னும் வெட்டி, சின்னச் சக்கரம் ஒன்றில் நிரந்தரமாகப் பூட்டிக் கொடுத்தார் ஸஜ்ஜாத். மீன்பெட்டி கட்டுகிற சைக்கிள் மாதிரி ஆகிவிட்டது. அதை உச்சிவரை தள்ளிக்கொண்டே போனார் குலசிங்கம். போன வருஷம் மெல்ரோய் திரும்பி வந்த வளைவில் போன் அடித்தது. சீலா.

“ஏறிட்டீங்களோ, அண்ணை?”

சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு வாயைத் திறந்தார். முதல் இரண்டு தரம் பிடிக்கவில்லை.

“இற... இற... இறங்கிட்டன், சீலா.”

“அப்ப அவர் பூட்டின கியர்?”

“அது என்ன மாதிரி வேலை செய்யுது தெரியுமோ. பெரிசைப் போட்டன், ஒரு சத்தம் இல்லை, தூக்கிக்கொண்டு போகுது. எனக்குத்தான் மூச்சுக் காணேல்லை.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு சிரிப்பு.

“அவர் சொன்னவர். கியர் ஏறும், ஐஸ் ஏறான் எண்டு.”

“சரியாத்தான் சொல்லியிருக்கிறான்.”

இந்தக் கதையும் அவருக்கு முன்னமே ஊர் வந்து சேர்ந்துவிட்டது. ஐஸ் கொம்பனி வாசலில் பொடியள் மூச்சு வாங்கிக் காட்டினார்கள். சல்லியில் கருவாட்டுப் பாயிலிருந்து ஒருத்தி நிமிர்ந்து கேட்டாள்.

“என்ன அண்ணை, புதுக் கியர் பூட்டியும் தள்ளினதுதானோ?”

குலசிங்கம் இந்தமுறை மணி அடிக்கவில்லை. நின்றார்.

“ஓம் பிள்ளை. கியர் நல்ல கியர். நான்தான் தள்ளினனான்.”