கீழூர் வேலியில் கேட்ட தண்ணீர்

மார்த்தாம்மாள் இறந்துவிட்டார் என்ற தந்தி எங்கள் சேந்தமங்கலம் ஆபீசுக்கு வந்தபோது நான் மருந்துப் பெட்டிகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தேன். சண்டை நடக்கும் ஏதோ ஒரு நாட்டில், காயம்பட்டவரைத் தூக்கிப்போன வழியில் சுட்டுவிட்டார்களாம். அதன்பிறகு எனக்கு முடிச்சே விழவில்லை.

கடல் தாண்டி வந்த நிவாரணக் குழுவின் நர்ஸ் அவர், நான் கம்பவுண்டர். கொல்லிமலையில் எடப்புளி நாடு என்கிற பகுதியில் நாங்கள் வேலை பார்த்த காலத்தில் மேலூரும் கீழூரும் ஓடைத் தண்ணீருக்காக வெட்டிக்கொண்டிருந்தன. ஓர் ஊரில் காப்பி குடித்தால் அடுத்த ஊரில் கதவைச் சாத்திவிடுவார்கள். அதனால் மார்த்தாம்மாள் இரண்டு ஊரிலும் பச்சைத் தண்ணீர்கூட வாங்கமாட்டார். "ரெண்டு பேருக்கும் நான் அசலூர்க்காரிதானுங்க" என்பார். தமிழை மலையில் கற்றவர், அப்படித்தான் பேசுவார்.

மேலூர்ப் பொன்னாயிக்கு வயிற்றில் பிள்ளை குறுக்கே திரும்பிக் கிடந்த அன்றைக்குக் காலையில்தான் கீழூர்க்காரர் ஒருவருக்கு வெட்டு விழுந்திருந்தது. அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு இறங்கும் ஒரே வழி கீழூருக்குள் போகிறது. பொன்னாயியைத் தூளியில் கிடத்தி, அவள் புருஷனும் கொழுந்தனும் கம்பில் தொங்கவிட்டுத் தூக்கினார்கள்.

"திரும்பிரலாங்கம்மா. எல்லாரையும் வெட்டிப்போடுவாங்க" என்றேன்.

"எனக்கும் பயமாத்தான் இருக்குதுங்க. பயம் பாட்டுக்கு இருக்கட்டும், கால் பாட்டுக்கு நடக்கட்டும்."

கீழூர் வேலியருகே ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். வெட்டுப்பட்டவரின் அண்ணன் நாட்டுத் துப்பாக்கியை எங்கள் பக்கம் நீட்டினார். மார்த்தாம்மாள் தூளியை இறக்கச் சொன்னார். அதுவரை ஒருநாளும் கேட்காததைக் கேட்டார்.

"ஏனுங்க, இந்தப் புள்ளைக்குக் குடிக்கத் தண்ணி குடுங்க."

தங்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தவரை அந்த மலையில் அடிக்கமாட்டார்கள். அது தெரிந்ததால்தான் ஒருவரும் அசையவில்லை. கடைசியில் துப்பாக்கிக்காரரின் மனைவி சொம்போடு வந்தாள். இப்போது பொன்னாயி வாங்க மறுத்தாள். கீழூர்த் தண்ணீரைத் தொட்டவர்களை மேலூரில் சேர்ப்பதில்லை என்று கட்டுப்பாடு. அவள் தன் புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"குடி கண்ணு. உன்ற ஊருக்கு நான் வந்து பேசறேன்."

பொன்னாயி கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். அண்ணன் துப்பாக்கியைத் தாழ்த்தினார். "வெரசாப் போங்க" என்றார், எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

வழியெல்லாம் என் முதுகு கூசிக்கொண்டே இருந்தது. ஊர் கண்ணுக்கு மறைந்ததும் மார்த்தாம்மாள் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துவிட்டு மறுபடி முன்னால் நடந்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். சொன்னபடி மேலூருக்குப் போய்ப் பேசி, பொன்னாயியைச் சேர்த்துக்கொள்ளவும் வைத்தார்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவரை அறிந்த நீங்கள் அவருடைய தைரியத்தைப் பேசுவீர்கள். பேசுங்கள். என்னிடம் இருப்பது அந்தப் பாறையும் அந்த வாந்தியும்தான். சண்டை நடக்கும் அந்தத் தூர தேசத்திலும் அவர் சுமையை இறக்கி, எதிரே நின்றவர்களிடம் தண்ணீர் கேட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். அங்கே யாரும் சொம்போடு வரவில்லை.

நாளைக்கு இந்தப் பெட்டிகளோடு நான் மலையேற வேண்டும். ஓடைத் தகராறு இன்னும் ஓயவில்லை. பயம் பாட்டுக்கு இருக்கிறது. கால் பாட்டுக்கு நடக்கும். எனக்கு முன்னால் நடக்கத்தான் ஆளில்லை.