சீனுவாசன் பெயரின் முதல் எழுத்து

கோவிந்தம்மாளுக்கு மூன்று விதமான 'சீ' தெரியும். அடுப்படியில் மூக்கை நீட்டும் நாய்க்கு ஒன்று. வெட்கத்தில் வருவது ஒன்று. அதை அவள் புருஷன் மண்ணாங்கட்டி (பேரே அதுதான்) மட்டும் கேட்டிருக்கிறான். மூன்றாவதை இந்த ஐம்பத்திரண்டு வயதுக்குள் இரண்டே தடவைதான் வாயில் எடுத்திருந்தாள்: களை எடுக்கப் போன இடத்தில் கையைப் பிடித்தவனிடம் ஒரு தடவை, பெற்ற தாய்க்குக் கஞ்சி ஊற்றாத தம்பியிடம் ஒரு தடவை. அதைச் சொல்லிவிட்டால் அந்த ஆளை மனுஷனாகவே அவள் மதிக்கவில்லை என்று அர்த்தம்.

இந்த ஆகஸ்டு பதினைந்தாம் தேதி, வல்லம் பக்கத்தில் இருக்கும் அவள் ஊர்க் கிராம சபையில், அந்த மூன்றாவதை ஊரே கேட்கும்படி சொன்னாள்.

சொல்லாமல் என்ன செய்வாள்? அவள் குடியிருக்கும் காலனித் தெருவுக்கு வரவேண்டிய குடிதண்ணீர் ஒரு வருஷமாக ஊராட்சித் தலைவர் சீனுவாசனின் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலைக் காட்டில், பாய்கிறது. தெருவில் வெறும் குழாய்தான் நிற்கிறது. அந்த மனுஷன் கொஞ்சமும் கூசாமல் மைக்கைப் பிடித்து, "காலனிக் கொழா வேல முடிஞ்சிச்சி, தண்ணி நல்லா போய்க்கினு கீது" என்கிறார். அது தீர்மான நோட்டில் ஏறி, ஜனங்கள் கையெழுத்தும் போட்டுவிட்டால் தீர்ந்தது. அப்புறம் ஏழு ஜென்மத்துக்கும் தண்ணீர் வராது.

கோவிந்தம்மாள் எழுந்தாள்.

"சீ."

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது.

"நான் சொன்னத நோட்டுல எழுதுங்க சார்" என்றாள், ஊராட்சிச் செயலர் பச்சைமுத்துவிடம்.

"ஆட்சேபம் தெரிவித்தார்னு போட்டுக்கறேம்மா."

"ஆட்சேபம்னா ஒத்துக்கலன்னு அர்த்தம். நான் அதயா சொன்னேன்?"

ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி கலைப்பிரியா, "எழுதுங்க" என்றார். பச்சைமுத்து வேர்த்து விறுவிறுத்து 'கோவிந்தம்மாள்: சீ' என்று எழுதினார். தலைவர் ஒரு முறை முறைத்தார். பச்சைமுத்து பயந்துபோய் அதோடு 'னுவாசன் அவர்களுக்கு நன்றி' என்று ஒட்டிவிட்டார். அடேயப்பா, என்ன மூளை! வசவு நன்றியாகிவிட்டது.

"ரேகை வைம்மா" என்று மைப்பெட்டியை நீட்டினார். கைநாட்டு என்று நினைத்துவிட்டார், பாவம். போன வருஷம்தான் மகள் இசைவாணியிடம் அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றிருந்தாள்.

நோட்டை வாங்கி, மைக்கையும் வாங்கினாள். "சீ..." என்றாள். அடுத்த எழுத்து சட்டென்று பிடிபடவில்லை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "...னு...வா...சன் அவர்களுக்கு நன்றி."

"இன்னொரு தபா படி" என்றது ஒரு குரல். படித்தாள். இந்தத் தடவை 'சீ'யில் வேண்டுமென்றே நின்றாள். ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"நன்றின்னு நான் எப்பங்க சொன்னேன்?" என்று கலைப்பிரியாவிடம் கேட்டாள். "வாங்க, கொழாயத் தொறந்து காட்டறேன்."

அவர் எழுந்து நடந்தார். பின்னாலேயே ஊர் திரண்டது. குழாயைத் திருகினால் புஸ்ஸென்று காற்று. அங்கேயே அந்தத் தீர்மானம் கோடு போட்டு அடிக்கப்பட்டது.

இருபதாம் நாள் தண்ணீர் வந்தது. திறந்துவைக்கத் தலைவரே வந்தார். அவரைப் பேர் சொல்லி ஒரு நாளும் கூப்பிடாத கோவிந்தம்மாள், முதல் குடம் நிரம்பியதும் நிமிர்ந்து, "சீ..." என்று ஆரம்பித்தாள்.

தலைவர் முகம் கறுத்தது. தெருவே எட்டிப் பார்த்தது.

"...னுவாசன் சார், தண்ணி வந்துச்சிங்க" என்று முடித்தாள்.