அவன் கையுயர்த்திய ஞாயிறுகள்

எங்கள் ஐஸ் ஹொக்கி லீக்கில் தமிழ்ப் பொடியன்கள் இரண்டே பேர்தான். நான் ஸ்காபரோ குழுவில் பின்வரிசை. அவன் மார்க்கம் குழுவில் முன்வரிசை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. இருவருக்கும் பதினாறு வயது, இருவர் காலிலும் யாரோ போட்டுக் கழித்த ஸ்கேட்.

இரண்டு குழுக்களும் மோதும் நாளில் எங்கள் கோச் என் ஹெல்மெட்டில் தட்டி, "உன் ஆளை நீ பார்த்துக்கொள்" என்பார். 'உன் ஆள்' என்றால் யாரென்று அந்த உடைமாற்றும் அறையில் எல்லோருக்கும் தெரியும். சிரிப்பார்கள். அந்தப் பக்கத்துக் கோச்சும் அவனிடம் அதையேதான் சொல்லியிருப்பார். நான் பனியில் இறங்கினால் அவனும் இறங்குவான்.

சுற்றி இருந்தவர்களுக்கு அது நல்ல வேடிக்கை. நாங்களும் குறை வைக்கவில்லை. நடுவருக்கு விளங்காத பாஷை எங்களிடம் இருந்தது.

"கோப்பை கழுவிற கொப்பரோ உனக்கு ஸ்டிக் வாங்கித் தந்தவர்?" என்பான் அவன், பக்கத்தில் உரசிக்கொண்டு போகும்போது. அவனுடைய அப்பா கழுவியதும் கோப்பைதான், அதுவும் என் அப்பா வேலை செய்த அதே ரெஸ்ரோரண்டில். நான் அதைத் திருப்பிச் சொல்லுவேன். பிறகு முழங்கை, பிறகு ஸ்டிக்கின் அடிக்கட்டையால் விலாவில் ஒரு குத்து. நடுவர் விசில் ஊதி இருவரையும் தண்டனைக் கூட்டுக்குள் அனுப்புவார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். அங்கேயிருந்தும் ஏசிக்கொள்வோம்.

அந்த மாரியில் ஒருநாள் மூலைக்குள் போன ரப்பர் வட்டை எடுக்க நான் குனிந்தேன். பலகைச் சுவருக்கு முகம், மைதானத்துக்கு முதுகு. அவன் வேகமாக வந்த சத்தம் கேட்டது. பனியை ஸ்கேட் கீறும் சத்தம் கிட்ட வர வர மெலிந்து கூர்மையாகும். திரும்ப நேரமிருக்கவில்லை. தோள் பலகையில் இடித்ததும் உள்ளே ஏதோ பிஸ்கட் மாதிரி உடைந்தது. காறையெலும்பு.

பின்னாலிருந்து அடித்தால் ஆளை ஆட்டத்திலிருந்தே வெளியேற்ற வேண்டும். ஆனால் நடுவர் அதை வெறும் 'பலகையில் மோதியது' என்று எடுத்துக்கொண்டு அவனை இரண்டு நிமிடம் கூட்டுக்குள் அனுப்பினார். என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே போகையில் பின்னால் ஆரவாரம் கேட்டது. அவன் கூட்டுக்குள் இருக்க, அவர்கள் ஓராள் குறைவாக ஆடிய அந்த இரண்டு நிமிடத்துக்குள் எங்கள் குழு கோல் போட்டுவிட்டது. கோச் ஓடிவந்து சந்தோசமாகச் சொன்னார், "பார்த்தாயா, உன் எலும்பு வீண் போகவில்லை."

அடுத்த கிழமை அவனுடைய அம்மா எங்கள் அப்பார்ட்மென்ருக்கு வந்தார். தனியாகத்தான் வந்தார். கையில் ஒரு பிளாஸ்க். ஜக்கெற்றைக் கழற்றாமல் கதவடியிலேயே நின்றார்.

"ஆட்டெலும்பு சூப். தம்பிக்குக் குடுங்கோ அக்கா. எலும்பு கெதியாப் பொருந்தும். உவன் வேணுமெண்டு செய்யேல்லை."

என் அம்மா பிளாஸ்கை வாங்கினார். மூடியைத் திறந்து மணந்துகூடப் பார்த்தார். பிறகு குசினிக்குப் போய், கதவடியில் நின்ற அந்த அன்ரிக்குத் தெரியும்படி, சிங்குக்குள் மெதுவாக முழுவதையும் ஊற்றினார். பைப்பைத் திறந்து பிளாஸ்கைக் கழுவி, துடைத்து, திருப்பிக் கொடுத்தார்.

"உங்கட மோன் உடைச்சதை உங்கட சூப் ஒட்டாது" என்றார்.

அன்ரி பிளாஸ்கை வாங்கிக்கொண்டார். படியால் இறங்கிப் போனார், லிஃப்ற் வேலை செய்துகொண்டிருந்தும். கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு செற்றியில் இருந்த எனக்கு அம்மாவை நினைக்கப் பெருமையாக இருந்தது.

தோள் சரியாகி நான் திரும்பி வந்தபோது ஆட்டப் பருவம் முடியப் போகிற நேரம். மார்க்கம் குழுவோடு கடைசி ஆட்டம். கோச் இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக் கண்ணடித்தார், அவ்வளவுதான்.

நான் அவசரப்படவில்லை. முதல் பகுதி முழுக்க அவனைத் தொடவே இல்லை. அவன்தான் என்னைக் கண்டதும் வட்டைத் தட்டி அனுப்பிவிட்டு விலகினான். இரண்டாம் பகுதியில் நடுக்கோட்டருகே தனக்கு வந்த வட்டை எடுக்கத் தலையைக் குனிந்தான். நான் நேர் முன்னாலிருந்து வந்தேன். முழங்கை கீழே, ஸ்டிக் கீழே, தோள் அவன் நெஞ்சில். பயிற்சியில் சொல்லித் தந்தது போலவே. அவன் மேலெழும்பி விழுந்தான். ஆனால் ஒரு ஸ்கேட் பனியில் செருகிக்கொண்டது. உடம்பு ஒரு பக்கம் போக, முழங்கால் வேறு பக்கம் போயிற்று.

நான் நடுவரைப் பார்த்தேன். குற்றமென்றால் அவருடைய கை உயர வேண்டும். உயரவில்லை. அது சட்டப்படியான அடி.

அவன் கத்திய கத்து அந்தக் கொட்டகைக் கூரையில் பட்டுத் திரும்பியது. அவர்களுடைய முதலுதவிக்காரர் வழுக்கி வழுக்கி ஓடிவந்து காலைப் பிடித்தார். அவன் என்னைவிட நல்ல ஆங்கிலம் பேசுகிறவன். அந்த நேரத்தில் அதெல்லாம் எங்கோ போய்விட்டது. தமிழில்தான் கத்தினான். முதலுதவிக்காரர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"என்ன சொல்கிறான்?"

நான் முழங்காலூன்றிக் குனிந்தேன்.

"காலைத் தொட வேண்டாமெண்டு சொல்லு. தொட வேண்டாமெண்டு சொல்லடா!"

சொன்னேன். அவர் கையை எடுத்தார். அவன் என் கண்ணுக்குள் பார்த்து, அதே குரலில், "நாயே, நீ நல்லா இருக்க மாட்டாய்" என்றான்.

"இப்போது என்ன சொல்கிறான்?"

"வலிக்கிறதாம்" என்றேன்.

ஸ்ட்ரெச்சர் வெளியே போனதும் ஆட்டம் தொடர்ந்தது. பெஞ்சில் எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். வீட்டில், ஒருவனைத் தூக்கிக்கொண்டு போனதை நான் சொல்ல, அம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டார், "அவனோ?"

"ஓம்."

"எந்தக் கால்?"

"வலது."

அம்மா இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

பல வருடங்கள் கழித்து, தொண்ணூறுகள் முடியப் போகிற காலத்தில், நான் வேலை செய்த இடத்துக் குழுவோடு ஞாயிறு மத்தியானங்களில் ஆடினேன். வளர்ந்தவர்களின் லீக். அடுத்த நாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள் என்பதால் உடம்பால் மோதுவதற்குத் தடை. ஒரு ஞாயிறு கோடு போட்ட கறுப்பு வெள்ளைச் சட்டையோடு நடுவர் வந்தார். வலது காலை இழுத்து இழுத்துச் சறுக்கினார். அவன்தான்.

ஆட்டம் தொடங்கி நான் முதல்முறை வட்டைத் தொட்டவுடனே அவன் கை உயர்ந்தது. காலைத் தட்டிவிட்டேனாம். கூட்டுக்குள் போனேன். வெளியே வந்து ஒருவனோடு தோள் உரசியது, திரும்பவும் கை.

"என்ன விசர்க் கதையடா இது?" என்றேன்.

அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "நடுவரை ஏசினதுக்கு இன்னும் பத்து நிமிசம். உள்ளுக்குப் போ."

எங்கள் கப்டனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நீ அவரிடம் என்ன சொன்னாய்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நாங்கள் தோற்றோம்.

அடுத்த ஞாயிறும் அவன்தான். அதற்கடுத்ததும் அவன்தான். நான் யாரையும் தொடாமல், பயந்தவன் போல ஓரமாகவே சறுக்கினேன். அப்படியும் கை உயர்ந்தது. எதிர்க்குழுவில் ஒருவன் என்னை வாயில் இடித்துப் பல்லாட வைத்தபோது அவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். ரத்தத்தைத் துப்பியபோது, பனியை அழுக்காக்காமல் வெளியே போகச் சொன்னான்.

அன்று ஆட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் அவனைப் பிடித்தேன். பையைக் காருக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியும்தானே அண்டைக்கு நடுவர் கை தூக்கேல்லை எண்டு. அது சட்டப்படி அடிச்சது."

"ஓம்" என்றான். "இப்ப நான் தூக்கிறதும் சட்டப்படிதான்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"இந்த லீக்கில உன்ர குழு ஆடுற மட்ச் எல்லாத்தையும் நான் கேட்டு வாங்கியிருக்கிறன். நீ வாற வரைக்கும் நானும் வருவன்."

குரலில் கோபமில்லை. அவன் இரண்டு கையாலும் வலது காலைத் தூக்கிக் காருக்குள் வைத்துக் கதவை மூடினான்.

கப்டன் அடுத்த கிழமை தொலைபேசியில் கூப்பிட்டு, "உன்னோடு ஆடினால் எப்போதும் ஓராள் குறைவாகத்தான் ஆட வேண்டியிருக்கிறது, இந்தப் பருவம் நீ வராமல் இருந்தால் நல்லது" என்றான். பிக்கரிங்கில் வேறொரு லீக் இருந்தது. அங்கே விசாரித்தேன். நடுவர்கள் யாரென்று முதலில் கேட்டுவிட்டுத்தான் பெயரைக் கொடுத்தேன்.