பயம் எத்தனாவது மாடியில் இருக்கிறது?

கோமதி மேடம் இறந்த செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே படித்தேன்.

அறுபத்தெட்டு வயதில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவன் நான். எந்தச் சுவரைப் பார்த்தாலும் நின்றுவிடுவேன். திருவான்மியூரில் மகள் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டுப் பட்டினப்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், நிறுத்தத்துக்குப் பக்கத்துச் சுவரில் புதுப் போஸ்டர் ஒன்று கண்ணில் பட்டது. விரலை வைத்துப் படித்தேன். 'கண்ணீர்' உடனே வந்தது. 'அஞ்சலி' இழுத்துக்கொண்டு வந்தது. ஞ எனக்கு எப்போதும் தடங்கல். அதைத் தாண்டிய சந்தோஷத்தில் அடுத்த வரிக்கு இறங்கினேன். கோ. ம. தி. படித்து முடித்தபோதும் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்திருப்பேன். அதற்குப் பிறகுதான் மேலே இருந்த படத்தைப் பார்த்தேன்.

பின்னால் மீன் விற்கும் கன்னியம்மாவின் குரல் கேட்டது.

"இன்னா நைனா, செவுத்துக்கு முத்தம் குடுத்துக்கினு கீற?"

திரும்பினேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் கேலியை விட்டுவிட்டார்.

"ஐயோ, உனுக்குத் தெரியாதா? போன செவ்வாக்கெயம. கவுன்சிலிங் முடிச்சிட்டு இதே எடத்துல பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்துச்சு. அப்டியே உக்காந்துடுச்சு. நெஞ்சு வலியாம்."

போஸ்டரின் அடியில் 'இப்படிக்கு, செவ்வாய்க்கிழமை நண்பர்கள்' என்று இருந்தது. எந்த நண்பர்கள் என்று தெருவில் யாருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரியும். சுகாதார நிலையத்தின் கடைசி அறைக்குச் செவ்வாய்தோறும் போகிறவர்கள். வெளியே சொல்லிக்கொள்ள வெட்கப்பட்டவர்கள். அந்த நண்பர்களுக்காகவும், மேடத்தை அறிந்த மற்றவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். மெதுவாகத்தான் எழுத வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தி. நகரில் ஒரு பெரிய புடவைக் கடையில் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் ஓட்டினேன். அந்த வேலைக்கு எழுத்து தேவையில்லை. பூஜ்யம் முதல் ஐந்து வரை தெரிந்தால் போதும். ஒரு தீபாவளிக் கூட்டத்தில் மூன்றாவது மாடிக்கு மேல் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே பதினொரு பேர். இருட்டு. குழந்தைகளின் அழுகை. எல்லோருக்கும் தைரியம் சொன்னேன். கதவைத் திறந்து எல்லோரையும் இறக்கிய பிறகு என் நெஞ்சு அடைத்தது. அன்று தொடங்கியது. பஸ்ஸில், முடி வெட்டும் கடையில், வீட்டில் கதவைச் சாத்தினால் கூட, நெஞ்சைப் பிடித்து அழுத்தும், வியர்க்கும், செத்துவிடுவேன் என்று தோன்றும். நான்கு தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நான்கு தடவையும் "ஒண்ணுமில்ல, போங்க" என்றார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்டவனுக்கு அடுத்துப் போக இடம் கிடையாது. வேலையை விட்டேன். தெருவைத் தாண்டுவதையும் விட்டேன்.

எங்கள் தெருவிலேயே இருக்கும் சுகாதார நிலையத்தில் ரத்தக் கொதிப்பு மாத்திரை வாங்கப் போனபோது நர்ஸம்மா கடைசி அறையைக் காட்டினார். மேடம் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "ஈ.சி.ஜி. எடுத்து எவ்வளவு நாள் ஆச்சு ஐயா?" என்பதுதான். ஆறு மாதம் என்றேன். "திரும்ப எடுத்துட்டு வாங்க. உடம்பைப் பார்க்காம மனசைப் பத்திப் பேச மாட்டேன்." எடுத்துக்கொண்டு போனேன். இதயம் நன்றாக இருந்தது. அப்போதும் அவர் 'ஒண்ணுமில்ல' என்று சொல்லவில்லை. "இதயம் நல்லா இருக்கு. பயம் இருக்கு. பயமும் ஒரு விஷயம்தான். அதுக்கும் வைத்தியம் இருக்கு" என்றார்.

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று அதற்குப் பெயர். இன்று ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். ஊசி, மாத்திரை கிடையாது. பேச்சும் வீட்டுப்பாடமும்தான். முதல் வாரம் ஒரு தாள் கொடுத்தார். அதில் நான்கு கட்டங்கள். என்ன நடந்தது, எண்ணம், பயம் எவ்வளவு, வேறு எப்படி இருக்கலாம். வேகமாக வாசித்துக் காட்டி, "எண்ணத்தை மறக்காம எழுதுங்க, அதான் முக்கியம்" என்றார். படிக்கத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எண்ணுவது எனக்குத் தெரியும். எண்ணம் என்றால் ஏதோ எண் போட வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த செவ்வாய் தாளை நீட்டினேன். ஒரு கட்டத்தில் மட்டும் 3, 3, 5, 2, 3 என்று இருந்தது.

மேடம் சிரிக்கவில்லை. முதல் எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"இது என்ன ஐயா மூணு?"

"மூணாவது மாடி மேடம். லிஃப்ட் நின்ன எடம். பயம் வந்தா அங்கதான் நிக்கிறேன்."

"அப்ப அஞ்சு?"

"அதுக்கு மேல ஒண்ணும் கெடையாது மேடம். உசுரு போற பயம்."

அவர் தாளைத் திருப்பிப் போட்டார். பின்பக்கத்தில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றை வரைந்தார். "நீங்க தப்பு பண்ணலை. நான்தான் உங்களுக்குத் தப்பான தாளைக் கொடுத்திருக்கேன்" என்றார். அடுத்த வாரம் முதல் அந்த அறைக்கு வந்த எல்லோருக்கும் அந்தக் கட்டடம்தான். உள்ளே நுழைந்ததும், "இன்னிக்கு எத்தனாவது மாடி?" என்பார். கணவரைக் கடல் கொண்டுபோன பிறகு மீன் கூடையைத் தொட முடியாமல் இருந்த கன்னியம்மா, லிஃப்டில் ஏறியே அறியாதவர், "நாலு மேடம், எறங்க மாட்டேங்குது" என்று அழுததை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள்.

ஒரு மத்தியானம் மேடம் என்னோடு தி. நகர் வந்தார். லிஃப்டில் ஒவ்வொரு மாடியாக ஏறிப் பழக வேண்டும். கதவருகில் என் கால் நகரவில்லை. "பேர்லயே ஏழு மலையை வச்சிருக்கீங்க. அஞ்சு மாடிக்குப் பயப்படலாமா, ஏழுமலை ஐயா?" என்றார். காவலாளி என் பழைய கூட்டாளி. "இன்னா மாமா, கஸ்டமரா வந்துகீற? கூட யாரு?" என்று கத்தினான். மூன்றாவது மாடியில் என் சட்டை நனைந்துவிட்டது. "பயம் ஏறுது. ஏறட்டும். அதுவே இறங்கும், பார்த்துக்கிட்டே இருங்க" என்றார் மேடம். இறங்கியது. ஐந்தாவது மாடியில் கதவு திறந்ததும் ஒரு விற்பனையாளர் எங்களைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். எதற்காக வந்தோம் என்று சொல்லவும் முடியாமல், எழுந்து வரவும் கூச்சப்பட்டு, மேடம் அரை மணி நேரம் பட்டுப் புடவைகளைப் பார்த்தார். என் பயத்தை இறக்கியவருக்கு அந்தக் கடையிலிருந்து தப்பிக்கத் தெரியவில்லை.

மாடி எண் போதாது, எழுதவும் வேண்டும் என்றவர் அவர்தான். "உங்க எண்ணம் என் காதுக்கு மட்டும் தெரிஞ்சா போதாது. நான் இல்லாத நாள்ல உங்களுக்குத் தெரியணும்." மாநகராட்சிப் பள்ளியில் சாயங்கால வகுப்பில் சேர்ந்தேன். நான் எழுதிய முதல் வாக்கியத்தை அவரிடம்தான் கொண்டுபோனேன்: 'செத்துவிடுவேன் என்று நினைத்தேன். சாகவில்லை.' கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

தேசிய மனநலத் திட்டத்தில் இந்தச் சிகிச்சையை எல்லாச் சுகாதார நிலையங்களுக்கும் கொண்டுபோவது பற்றி ஒரு கூட்டத்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கும் இது பயன்படும் என்று காட்ட, என்னைக் கேட்டு என் மாடித் தாளைக் கொண்டுபோனார். என்ன ஆயிற்று என்று அடுத்த வாரம் கேட்டோம்.

"ரொம்ப நல்லா இருக்குன்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க."

"அப்புறம்?"

"ஆள் எப்ப தருவீங்கன்னு கேட்டேன். டீ கொடுத்தாங்க."

எல்லோரும் சிரித்தோம். ஐந்து சுகாதார நிலையங்களுக்கு அவர் ஒருவர்தான் என்பது அன்று எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

போஸ்டரைப் படித்த அன்று எனக்கு மாடி ஐந்து. இத்தனை பேருக்கு நெஞ்சு நன்றாக இருக்கிறது என்று சொன்னவர் நெஞ்சு வலியில் போனார் என்றால், என் நெஞ்சு? அவர் சொல்லிக்கொடுத்தபடி முதலில் ஈ.சி.ஜி. எடுத்தேன். நன்றாக இருந்தது. ஆனால் வேறொன்று இறங்க மறுத்தது. தன் வலியையும் அவர் வெறும் பயம் என்று நினைத்து ஒதுக்கிவிட்டாரோ? அப்படியென்றால் எனக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன? இதை யாரிடம் கேட்பது? கேட்க வேண்டியவர் போஸ்டரில் இருந்தார்.

பஸ் பலகையை நானே படித்து நங்கநல்லூர் போனேன். ஆஞ்சநேயர் கோயிலுக்குப் பின்தெருவில் மேடத்தின் வீடு. அவருடைய கணவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன்.

"இல்லைங்க. அவளுக்குத் தெரியும்" என்றார். "காலைலயே தோள் வலிக்குதுன்னா. ஈ.சி.ஜி. எடுக்கணும்னு அவளேதான் சொன்னா. வா, இப்பவே போலாம்னேன். இன்னிக்குச் செவ்வாய், நான் போகலைன்னா அங்க யாருமே இல்லை, முடிச்சுட்டு நேரா போறேன்னா."

திரும்பும் பஸ்ஸில் நான் அழுதேன். கோபமாகவும் இருந்தது. அவருடைய எண்ணத்தில் பிழை இல்லை. எண்ணில்தான் பிழை. ஒன்று என்ற எண்ணில்.

நான்கு செவ்வாய் போய்விட்டன. கடைசி அறை பூட்டியிருக்கிறது. கதவில் ஒரு காகிதம். கன்னியம்மா என்னைப் படிக்கச் சொன்னார். "ஆலோசகர் பணியிடம் காலி" என்று படித்தேன்.

"காலின்னா? ஆளு வருமா, வராதா?"

"அது எழுதல கன்னிம்மா."

"நல்லாப் பாரு நைனா. நீ எய்த்தை முழுங்கிட்டிருப்ப."

மறுபடி படித்தேன். விழுங்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு நாளாக அவர் கடை போடவில்லை. நேற்று சுகாதார நிலைய வாசல் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனாவது மாடி என்று கேட்டேன். நாலு என்றார். கேட்க எனக்குத் தெரிகிறது. இறக்கத் தெரியாது. அது அதற்கென்று படித்தவர் செய்ய வேண்டிய வேலை.

அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது இரண்டு. அவர் பேனாவால் வரைந்த ஐந்து மாடிக் கட்டடம். அந்தத் தாளின் நான்காவது கட்டத்தில் அவர் வைத்த கேள்வி. அவர் இறந்த விஷயத்தை அதே மாதிரி ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். என்ன நடந்தது என்பதை எழுதினேன். எண்ணத்தை இந்தத் தடவை எண்ணமாகவே எழுதினேன். மாடி ஐந்து. 'வேறு எப்படி இருக்கலாம்?' என்ற இடத்தில், 'அந்தச் செவ்வாய்க்கிழமை இன்னொருவர் இருந்திருக்கலாம்' என்று எழுதினேன்.

அந்தத் தாளை அப்படியே சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். கீழே நம் செவ்வாய்க்கிழமை ஆட்கள் ஒன்பது பேர் சொந்தப் பெயரிலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கன்னியம்மா கைநாட்டு வைத்தார். இன்னும் பதில் வரவில்லை. வந்தால் யாரும் எனக்குப் படித்துச் சொல்ல வேண்டாம்.